பூனைக்கு ஒரு பேரேடு

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அலமாரியில் தடித்த பேரேடுகள் வரிசையாக இருக்கின்றன. என் மாமனாரின் தகப்பனார் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்துக் கணக்குகள் அவை. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடி வந்தவர்களில் அவரும் ஒருவர். அகப்பட்டதில் பாதி பேரேடுகளாம்! “பணத்தை விட்டுட்டு வந்தாக; கணக்கை விடலை” என்று என் மாமியார் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

அந்த வரிசையின் கடைசியில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அது நான் எழுதியது. அதில் ரூபாயும் இல்லை, வட்டியும் இல்லை. ஒரு பூனையின் வயிற்றுக் கணக்குத்தான் இருக்கிறது. சிரிக்காதீர்கள்! பூனை வளர்க்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வதில் உள்ள கஷ்டம் புரியும். வளர்க்காதவர்கள் கதையாகவாவது கேட்டு வையுங்கள்.

என் வீட்டுக்காரர் சென்னையில் பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் நாங்கள் காரைக்குடிக்கே வந்துவிட்டோம். எத்தனையோ பேர் புழங்கிய அந்தப் பெரிய வீட்டில் எண்பது வயது தாண்டிய என் மாமியார் மட்டும் தனியாக இருந்தார். பங்காளிகள் எல்லோரும் தங்கள் தங்கள் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டார்கள். கல்யாணம், காதுகுத்து என்றால்தான் பூட்டு திறக்கும்.

தனியாக என்றா சொன்னேன்? தவறு. துணைக்குக் கற்கண்டு இருந்தது.

நாங்கள் வருவதற்கு முந்தின ஐப்பசி மழையில், வளவுக்குள் நனைந்துகொண்டு கிடந்த குட்டியை அயித்தை எடுத்து முந்தானையில் துடைத்து, என் வீட்டுக்காரருக்கு ஒரு காலத்தில் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்து, அதிலேயே பால் புகட்டி வளர்த்தாராம். வெள்ளை வெளேர் என்று இருந்ததால் கற்கண்டு என்று பெயர். அந்தப் பாலாடை விஷயத்தில் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தந்தான். “எனக்கு ஒரு தம்பி பிறந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்” என்பார்.

தம்பிக்கு வயிறு சரியில்லை என்பது நாங்கள் வந்த மறுநாளே தெரிந்துவிட்டது. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் காலையில் ஓரிடம், மத்தியானம் ஓரிடம், ராத்திரி இரண்டிடம். தண்ணீராகப் போகும். சில நாள் வாந்தியும் எடுக்கும். நாலு நாள் நன்றாக இருக்கும். ஐந்தாம் நாள் பழைய கதைதான். வீட்டு வேலைக்கு வரும் பெண் ஒரு நாள் விளக்குமாற்றை மூலையில் வைத்துவிட்டு, “பூனையா நானா, யாராவது ஒருத்தர்தான் இந்த வீட்ல இருக்கலாம்” என்று சொல்லிவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சாத குறை!

கைவைத்தியம் சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமா? எதிர்வீட்டு ஆச்சி ஓமத் தண்ணீர் என்றார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு பெரியவர், “லங்கணம் பரம ஔஷதம், இரண்டு நாள் பட்டினி போடு” என்றார். இன்னொருவர் நல்ல மனத்தோடு ஜுர மாத்திரையில் பாதி கொண்டுவந்து கொடுத்தார். ஓமத் தண்ணீர் என் புடவையில் விழுந்தது. வசம்பு என் கையில் இரண்டு கீறலாக முடிந்தது. மாத்திரையைக் கற்கண்டு துப்பிவிட்டது. அது துப்பியது எங்கள் பூர்வ புண்ணியம் என்று பின்னால் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசியில் கற்கண்டை ஒரு கம்பிக் கூடையில் வைத்துக் கட்டிக் கால்நடை வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். எங்கள் சீமையில் மாட்டுக்கு உள்ள மதிப்பே வேறு. செட்டிநாட்டில் அரசாங்கத்தின் பெரிய கால்நடைப் பண்ணையே இருக்கிறது. பொங்கல் வந்தால் சிராவயலில் மஞ்சுவிரட்டு. ஆகையால் எங்களுக்கு முன்னால் வரிசையில் ஒரு மஞ்சுவிரட்டுக் காளை, மூன்று ஆடு, ஒரு கன்றுக்குட்டி. காளையைப் பிடித்திருந்தவர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு என்னங்க?” என்று விசாரித்தார். “வயிற்றுப் போக்கு” என்றேன். காளை ஒரு பெருமூச்சு விட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டாக்டர் அம்மாள் சின்ன வயது. ஆனால் சிரிக்கவில்லை. கற்கண்டின் வயிற்றை அழுத்திப் பார்த்து, கழுத்துத் தோலை இழுத்து விட்டுப் பார்த்து, நான் டப்பாவில் கொண்டு போயிருந்ததைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். வாலடியில் அரிசி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினார். அது சோற்றுப் பருக்கை என்றல்லவா நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்! நாடாப்புழுவின் துண்டாம் அது. பூனை உடம்பை நக்கும்போது தெள்ளுப்பூச்சியையும் சேர்த்து விழுங்கும். அந்தப் பூச்சிக்குள் இருந்துதான் இந்தப் புழு வருமாம். புழுவுக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, பூச்சியையும் ஒழிக்க வேண்டும் என்றார். “நாய்க்குப் போடும் பூச்சி மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், சில மருந்துகள் பூனையின் உயிரையே வாங்கிவிடும்” என்று எச்சரித்துப் பூனைக்கு உரியதைத் தந்தார்.

அப்போதுதான் ஜுர மாத்திரை சமாசாரத்தைச் சொன்னேன். டாக்டர் அம்மாளின் முகம் மாறிவிட்டது. “பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஒரு மாத்திரையே போதும், பூனை பிழைக்காது” என்றார். பட்டினி வைத்தியமும் கூடாதாம். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாமல் இருந்தால் பூனையின் ஈரலில் கொழுப்புச் சேர்ந்து, அதுவே பெரிய வியாதியாகிவிடுமாம். மனிதருக்குச் சொன்ன பழமொழி பூனைக்கு ஆகாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பத்து நாள் கற்கண்டு பிரமாதமாக இருந்தது. பதினோராம் நாள் மறுபடியும் பட்டாலையில் கோலம்.

இரண்டாம் முறை போனபோது டாக்டர் அம்மாள், “பதினைந்து நாளைக்கு ஒரு கணக்கு எழுதுங்கள். என்ன சாப்பிட்டது, எப்போது, எவ்வளவு, பிறகு என்ன ஆயிற்று. ஒன்று விடாமல் எழுத வேண்டும். அதிலும் தெரியாவிட்டால் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறேன்” என்றார்.

கணக்கு எழுதச் சொன்னால் எங்கள் வீட்டில் கசக்குமா? என் வீட்டுக்காரர் நோட்டில் நடுக்கோடு போட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு என்று தலைப்பும் எழுதிக் கொடுத்தார். தயிர்ச் சாதம் வரவு. இட்லி வரவு. அதன் விளைவெல்லாம் செலவு. ராத்திரி ஆனதும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தணிக்கைக்கு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு வாரம் ஆயிற்று. அவர் முகத்தைச் சுளித்தார்.

“கணக்கு உதைக்குதே! வரவைவிடச் செலவு ஜாஸ்தியா இருக்கு. அதுவும் தினம் காலை எட்டு மணிக்குள்ளேயே முதல் செலவு. நீ சாதம் வைக்கிறது ஒன்பது மணிக்கு. பேரேட்டுக்கு வராத வரவு எங்கேயோ இருக்கு.”

மறுநாள் விடியற்காலையில் எனக்கு விழிப்பு வந்தது. நாலரை மணி இருக்கும். அடுப்படியில் விளக்கு எரிந்தது. மெல்லப் போய்ப் பார்த்தேன்.

வளவு ஓரத்துப் படியில் அயித்தை உட்கார்ந்திருந்தார். கையில் அவருடைய பித்தளை டம்ளர். பக்கத்தில் ஒரு சிரட்டை. டம்ளரில் இருந்த பாலில் பாதியைச் சிரட்டையில் ஊற்றி, கற்கண்டு நக்க நக்க அதன் முதுகைத் தடவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். “ஒங்க ஐயாவுக்கும் இந்நேரம் பால் வேணும். ஆறிப்போனா கோவம் வந்துரும் அவுகளுக்கு…” என்று என் மாமனாரைப் பற்றித்தான் பேச்சு. மாமனார் காலமானது 1998-ல். அந்தப் பேச்சை அதுவரை நான் கேட்டதே இல்லை. எங்களிடம் அவர் அப்படிப் பேசியதும் இல்லை.

வந்த வழியே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றைக்குக் கணக்கில் அந்த வரவை எழுதவில்லை. அடுத்த நாளும் எழுதவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எப்போதும் ஏதாவது தமாஷாகச் சொல்பவர் அன்று நோட்டை மூடி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். எழுதினால் அயித்தையின் பொழுதில் கை வைக்க வேண்டும். எழுதாவிட்டால் பூனை போய்விடும். கற்கண்டின் முதுகெலும்பு அப்போது விரலில் தட்டுப்பட ஆரம்பித்திருந்தது.

மூன்றாம் முறை புறப்பட்டபோது அயித்தை, “நானும் வாரேன்” என்று தாமாகவே வந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார். பூனை அவர் மடியில்தான்.

எடை பார்த்தார்கள். இரண்டு கிலோ எண்ணூறு கிராம். வளர்ந்த ஆண் பூனைக்கு அது போதாது. டாக்டர் அம்மாள் நோட்டைப் புரட்டிவிட்டு, “பால் கொடுப்பதுண்டா?” என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அயித்தை நிமிர்ந்து, “பூனைக்குப் பால் குடுக்காம?” என்றார்.

டாக்டர் அம்மாள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை ஜீரணிக்கக் குட்டியின் குடலில் ஒரு சத்து சுரக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு அநேகமாக எல்லாப் பூனைக்கும் அது குறைந்துபோகும். அப்புறம் குடிக்கிற பாலின் சர்க்கரை ஜீரணமாகாமல் குடலிலேயே தங்கி, தண்ணீரை இழுத்துக்கொண்டு, நுரைத்துப் புளித்து வயிற்றுப் போக்காகிறது. பூனை பாலை விரும்பிக் குடிப்பது வாஸ்தவம். ஆனால் அதிலுள்ள கொழுப்புக்காகத்தான். இனிப்பு என்கிற ருசியே பூனையின் நாக்குக்குத் தெரியாது. அதை அறியும் மரபணு பூனைக்கு வேலை செய்வதில்லை என்று 2005-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

“அப்ப கற்கண்டுக்குக் கற்கண்டு தெரியாதா?” என்றார் அயித்தை.

“தெரியாது ஆச்சி.”

அயித்தை விடவில்லை. காரைக்குடிக்காரர் அல்லவா! சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. அயித்தை சிறுவயது முதல் கம்பன் விழாவில் முன்வரிசை. “கம்பரே அவையடக்கத்தில, பாற்கடலையே நக்கிக் குடிச்சிறலாம்னு போன பூனை மாதிரி நான்னு சொல்லியிருக்காக. பூனைக்குப் பால் ஆகாதுன்னா கம்பர் சொல்லுவாகளா?”

டாக்டர் அம்மாள் சிரித்துவிட்டார். “வாஸ்தவம் ஆச்சி. ஆனா குடிச்ச பிறகு அந்தப் பூனைக்கு வயிறு என்ன ஆச்சுன்னு கம்பர் சொல்லலையே!”

அயித்தையும் சிரித்தார். ஆனால் அடுத்த விஷயத்தைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு மறைந்துவிட்டது. பாலை நிறுத்தினால் மட்டும் போதாது, தயிர்ச் சாதமும் இட்லியும் பூனைக்கு ஆகாரம் அல்ல என்றார் டாக்டர் அம்மாள். பூனை மாமிசம் தின்றே வாழப் பிறந்தது. டாரின் என்று ஒரு சத்து உண்டு. மனித உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். பூனையால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. கறியிலும் மீனிலும் இருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் பூனையின் கண் கெடும் என்று 1975-ல் கண்டார்கள். இதயமும் பலவீனப்படும் என்று 1987-ல் கலிபோர்னியாவில் கண்டார்கள். “முதலில் கொஞ்ச நாளைக்குக் கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுங்கள். வயிறு நின்ற பிறகு பூனைக்கென்று சகல சத்தும் சேர்த்துச் செய்த தீனியைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம்” என்றார்.

எங்கள் வீட்டிலா! மாமனார் போன நாளிலிருந்து அந்த வீட்டு வாசற்படியைக் கறியும் மீனும் தாண்டியதில்லை. அயித்தை கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருந்து குன்றக்குடிக்குப் போகிறவர். பேரப்பிள்ளைகள் வந்தால்கூட ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கை கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். நான் அவரிடம் எந்த வாயால் கேட்பது?

திரும்பும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி பலகாரமும் சாப்பிடவில்லை. அறைக்குள் விளக்கு வெகு நேரம் எரிந்துகொண்டிருந்தது.

காலையில் நான் எழுந்து வந்தபோது அயித்தை இரண்டாங்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் நோட்டுப் புத்தகம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

“எழுதிக்க ஆத்தா. தினம் காலையில அரை டம்ளர் பால். ரெண்டு வருஷமா. கணக்குல விட்டுப்போச்சு.”

எனக்குத் தொண்டையை அடைத்தது. “அயித்தை, நான் பார்த்தேன்… எழுத மனசு வரலை” என்றேன்.

“தெரியும். நீ பார்த்துட்டுப் போன அன்னிக்கே ஒங்கால் சத்தம் கேட்டுச்சு. நீ எழுதுவ, எழுதுவன்னு பார்த்தேன். எழுதலை. என் மனசு நோகக்கூடாதுன்னு நீ இருந்த. பூனை வாய் திறந்து கேக்குதேன்னு நான் ஊத்துனேன். நடுவில இது இளைச்சுப்போச்சு. இந்த வீட்ல கணக்கு மட்டும் பொய்யா இருக்கக்கூடாது.”

பிறகு கொஞ்ச நேரம் வளவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மூணாங்கட்டுல கிணத்தடி அடுப்பு சும்மாத்தானே கெடக்கு? அதுல வேகவை. தனிச் சட்டி வச்சுக்க. முருகன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். அவுக மயில் மட்டும் என்ன, பாம்பைப் பிடிச்சுத் திங்காமலா இருக்கு?” என்றார்.

இருபது வருஷத்துக்கு மேலாகக் காத்து வந்த ஒரு நியமத்தை, மூன்று கிலோகூட இல்லாத ஒரு ஜீவனுக்காக அவர் அப்படி நகர்த்தி வைத்தார். அதற்காக அவர் அழவும் இல்லை, பெருமை பேசவும் இல்லை. அன்றைக்குக் கிருத்திகை வேறு. “இன்னிக்கு வேணாம், நாளையிலேருந்து” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததை, உதவுமே என்று சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலும்பும் தோலும் நீக்கிய கோழிக்கறி. உப்பு, மிளகாய், மசாலா எதுவும் கிடையாது. முக்கியமாக வெங்காயமும் பூண்டும் கூடாது. அவை பூனையின் இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை அழித்துவிடும். சின்ன வெங்காயம் இல்லாமல் குழம்பே இல்லாத செட்டிநாட்டில் இது சாமான்ய விஷயமா? பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நானே நேரில் போய், மீன் குழம்புச் சோறு வைக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டு வந்தேன். கறி வெந்த தண்ணீரைக் கொட்டக்கூடாது; டாரின் அதில் இறங்கியிருக்கும். ஒரே வேளையில் நிறைய வைக்காமல், நாளைக்கு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும். வெறும் கறியே நிரந்தர ஆகாரமும் ஆகாது. சுண்ணாம்புச் சத்து போதாது. ஆகையால் வயிறு நின்றதும், பூனைத் தீனியைப் பழைய ஆகாரத்தோடு கலந்து, பத்து நாளில் படிப்படியாக மாற்றினோம். ஒரே நாளில் மாற்றினால் அதுவே வயிற்றைக் கெடுக்குமாம்.

இதெல்லாம் செய்தும் போக்கு நிற்காமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, இரத்தம் தென்பட்டாலோ, ஒரு நாள் முழுவதும் ஒன்றும் தின்னாவிட்டாலோ, தயவுசெய்து கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். டாக்டரிடம் கொண்டு போய்விடுங்கள். குட்டியானால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

கற்கண்டுக்கு ஐந்தாம் நாளே மாற்றம் தெரிந்தது. மூன்றாம் வாரம் வீட்டு வேலைக்கு வரும் பெண், “என்னக்கா, பட்டாலையில ஒண்ணையுமே காணோம்?” என்று குறைப்பட்டுக்கொண்டாள். மூன்று மாதத்தில் எடை மூன்று கிலோ அறுநூறு. இடையில் இரண்டு தடவை கணக்கு உதைத்தது வாஸ்தவந்தான். ஒரு தடவை பங்காளி வீட்டுக் கல்யாணப் பாயசம். இனிப்பு தெரியாது என்றார்களே, பாயசத்தில் நெய்யும் பாலும் இருக்கிறதே! இன்னொரு தடவைக்குக் காரணம் இன்னும் அகப்படவில்லை. என் வீட்டுக்காரர் அதை அனாமத்துக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. வயது வந்த மனிதர்களிலும் உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பாலின் சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது என்று டாக்டர் அம்மாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அயித்தை அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்கிறார். “எனக்கும் பால் குடிச்சா வயித்துல கடமுடாங்குது. இத்தனை வருஷமா வாயுன்னு நெனச்சேன்” என்று சொல்லி, தாமும் பாலை விட்டு மோருக்கு மாறிவிட்டார். வாயுத் தொல்லை பாதி குறைந்துவிட்டதாம்.

நாலரை மணிக்கு எழுந்திருக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அடுப்படி விளக்கு எரிகிறது. மோர் டம்ளர் ஒரு பக்கம், சிரட்டை ஒரு பக்கம். மாமனாரைப் பற்றிய பேச்சும் நடக்கிறது. இப்போதெல்லாம் சில நாள் நானும் போய்ப் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கும் சொல்கிறார்.

அந்த வேளைக்குரிய கணக்கை இப்போது அவரே எழுதுகிறார். நேற்றுப் பார்த்தேன். நடுங்கும் கையெழுத்தில், பழைய பேரேட்டு முறைப்படி மேலே பிள்ளையார் சுழி போட்டு எழுதியிருந்தார்:

“காலை மணி 4½. கோழித் தண்ணீர் கரண்டி 2. பால் இல்லை.”